கணக்கில் வராத செங்கல்

சென்ற மாத அறிக்கையில் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு மஞ்சள் கட்டம் விழுந்திருந்தது. அசோக் நகர் அடுக்ககத்துக்குப் பச்சை. இரண்டும் எங்கள் நிறுவனம் இடித்துக் கட்டும் இடங்கள். கழிவை எவ்வளவு ஒழுங்காகக் கையாண்டிருக்கிறோம் என்பதை வாசலில் மாட்டிய கேமராவும் அதன் பின்னால் இருக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலும் லாரி லாரியாகப் பார்த்துக் கணக்கிட்டு, மாதக் கடைசியில் ஒரு நிறத்தைக் கொடுத்துவிடும். அசோக் நகரில் இயந்திரம் வைத்து ஆறே நாளில் கட்டடத்தைத் தரைமட்டமாக்கினோம். மாம்பலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து கல் கல்லாகப் பிரித்தார்கள். பிரித்த கல்லெல்லாம் இன்னோர் ஊரில் சுவராக எழுந்து நிற்கும். அப்படியும் மஞ்சள். அதைப் பார்த்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை. நிரல் தப்பாகக் கணக்கிட்டிருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அது தன் கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. எதை எண்ண வேண்டும் என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படத்துக்குப் பெயர் வைப்பது

பதினோரு வருடமாகத் தளப் பொறியாளராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த நிரலை வாங்கியபோது அது வெளிநாட்டு இடிபாடுகளைப் பார்த்துப் பழகியிருந்தது. நம் ஊர் ரப்பிஷ் அதற்குப் புரியவில்லை. நம் லாரிகளின் படங்களைக் காட்டித்தான் பழக்க வேண்டும் என்றார்கள். அந்த வேலை எனக்கும் இன்னும் இருவருக்கும் வந்தது. மூன்று மாதம், தினமும் மாலையில் இரண்டு மணி நேரம், படத்தின் மேல் கோடு இழுத்துப் பெயர் எழுதினோம். கான்கிரீட், செங்கல், மரம், உலோகம், பிளாஸ்டிக், மண், கலவை. ஏழே பெயர்கள்.

செய்து பார்க்காதவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் இயந்திரம் ஓடிய பத்து நிமிடத்தில் எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறத் தூசி படிந்துவிடுகிறது. அதன் பிறகு உடைந்த கான்கிரீட்டுக்கும் உடைந்த செங்கலுக்கும் படத்தில் வித்தியாசமே இல்லை. மழை பெய்த மறுநாள் எடுத்த படங்களில் மட்டும் செங்கல் தன் சிவப்பைக் காட்டும். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்த பிறகு படம் எடுங்கள் என்று நான் சொன்னது அப்போது கண்ட அனுபவத்தில்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. லாரியின் மேல்பரப்பு மட்டும்தான் கேமராவுக்குத் தெரியும். அடியில் மூன்றடி ஆழத்துக்கு என்ன கிடக்கிறது என்று தெரியாது. அதனால் பொக்லைன் ஒவ்வொரு வாளியாக அள்ளிப் போடும்போதே படம் எடுக்கும்படி மாற்றினோம். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்து, கடைசியில் நிரல் நன்றாகவே கற்றுக்கொண்டது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

பெருமைப்படக் காரணம் இருக்கிறது. பிரிப்பதில்தான் கட்டடக் கழிவின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி ஐ.எஸ். 383, கான்கிரீட்டை மட்டும் தனியாக உடைத்து எடுத்த ஜல்லியை எம்-25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும், கம்பி போடாததில் 25 சதவீதம் வரையும் கலக்க அனுமதிக்கிறது. அதே கான்கிரீட்டோடு செங்கலும் காரையும் ஓடும் சேர்ந்துவிட்டால், அந்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டின் பக்கமே கொண்டுபோக முடியாது. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கலவையோடு அது நின்றுவிடும். கல் அதேதான், ஒரு குவியலில் கலந்த பாவத்துக்கு அதன் தகுதி இறங்கிவிடுகிறது. பின்லாந்தில் 2007-இல் தொடங்கிய ஸென்ரோபோட்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஓடும் பட்டையின் மேல் கேமராவும் அகச்சிவப்பு உணரியும் உலோக உணரியும் வைத்து, இயந்திரக் கையால் மரத்தையும் உலோகத்தையும் கல்லையும் தனித்தனியாகப் பொறுக்கி எடுப்பது இதற்காகத்தான். துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் போகும்போது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் இடிபாட்டைப் பார்த்தவர்கள் இந்த முயற்சியைக் குறைத்துப் பேச மாட்டார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் ஏறிய சதுப்பு அது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வீட்டின் குளியலறை ஓடு கிடக்கிறது. அந்த லாரி சதுப்புக்குப் போகாமல் பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ இருக்கும் மாநகராட்சியின் மறுசுழற்சி ஆலைக்குப் போனால், அதற்குக் கேமராவின் கண்காணிப்பு ஒரு காரணமாக இருந்தால், அந்தக் கேமரா வாழ்க என்பேன்.

முன்கட்டும் பின்கட்டும்

மாம்பலம் வீடு 1940-களில் கட்டியது. முன்கட்டு முழுக்கச் சுண்ணாம்புக் காரை. கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டியது. பின்கட்டு 1980-களில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனபோது சேர்த்தது. அதற்குச் சிமெண்ட். வீட்டுக்காரர்கள் ஊரிலேயே இல்லை. இடிப்புக் காண்டிராக்டர் தேக்குக் கட்டைக்கும் கதவுக்கும் கல்லுக்கும் விலை வைத்து, தானே பணம் கொடுத்து வேலையை எடுத்திருந்தார். பழைய வீடுகளுக்கு இதுதான் வழக்கம் என்பது தெரிந்ததே. காரைக்குடிப் பக்கத்துத் தூண்கள் சென்னை ஓட்டல்களில் வந்து நிற்பதும் இந்த வழியில்தான்.

முன்கட்டுச் சுவரைக் கடப்பாரையால் நெம்பியபோது கல் ஒவ்வொன்றும் முழுசாகக் கழன்று விழுந்தது. காரை பொடியாக உதிர்ந்தது. அடுத்த வாரம் பின்கட்டுக்கு வந்தபோது அதே ஆட்கள், அதே கடப்பாரை, ஒரு கல்கூட முழுசாக வரவில்லை. சிமெண்ட்டின் பிடி கல்லைவிட உறுதி. இழுத்தால் கல்தான் உடையும், இணைப்பு உடையாது. சுண்ணாம்பு கல்லைவிட மெலிந்தது, அதனால் முதலில் தானே விட்டுக்கொடுத்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரே வீட்டின் முன்னும் பின்னுமாகப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் எது கழிவாகும், எது கல்லாகவே இருக்கும் என்பது இடிக்கும் நாளில் முடிவாகவில்லை. ஒரு பகுதிக்கு எண்பது வருடத்துக்கு முன்னாலும், இன்னொரு பகுதிக்கு நாற்பது வருடத்துக்கு முன்னாலும், கலவை குழைத்த அன்றே முடிவாகிவிட்டது. லாரி வாசலில் நிற்கும்போது படம் எடுக்கும் கேமரா, நாற்பது வருடம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

முன்கட்டிலிருந்து விழுந்த கல்லைச் சுத்தம் செய்ய நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். வேப்பமர நிழலில் உட்கார்ந்து, பழைய அரிவாளின் தேய்ந்த முதுகால் காரையைச் சுரண்டிக் கல்லை அடுக்குவார்கள். நூறு கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களில் மூத்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒரு கல்லைச் சுரண்டி முடித்ததும் அதைப் பக்கத்தில் இருந்த இன்னொரு கல்லில் லேசாகத் தட்டிவிட்டுத்தான் வைப்பார். சிலது வலது பக்கம் போகும், சிலது பின்னால் போகும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. “அக்கா, இதுவும் முழுக்கல்தானே, ஏன் பின்னால் போடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “தட்டிப் பாரம்மா” என்று இரண்டு கல்லைக் கையில் கொடுத்தார். தட்டினேன். கணீர் என்றது. பிறகு பின்னால் போட்டதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைத் தட்டியபோது சப்பென்று ஒரு சத்தம், மண்பானையில் விரிசல் விட்டால் வருமே, அதுபோல. வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே விட்டுப்போயிருக்கிறது. “இது சுவருக்கு ஆகாது. ஜல்லிக்குப் போகும்” என்றார்.

நல்ல செங்கல்லைத் தட்டினால் மணிச் சத்தம் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கும் கல்லூரியில் சொன்னதுதான். பரிட்சையில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பிறகு ஒரு கல்லையும் நான் தட்டியதில்லை. அன்று அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முழுக்கல், முக்கால், அரைக்கல், ஜல்லிக்கு ஆவது, ஒன்றுக்கும் ஆகாமல் பள்ளம் நிரப்பப் போவது. ஐந்து குவியல். டெரஸின் மெல்லிய கல்லுக்குத் தனியாக ஆறாவது குவியல், அதற்குப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பவர்களிடம் தனி விலை. நான் மூன்று மாதம் கண் வலிக்க வலிக்க இவை ஆறுக்கும் ஒரே பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். செங்கல். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நான் பெயர் வைத்தேன். அந்தக் கல் அடுத்து எங்கே போகும் என்பதை வைத்து அவர் பெயர் வைத்திருந்தார்.

பழைய கல்லாக வெளியே போனதெல்லாம் காண்டிராக்டரின் சரக்கு. பின்பக்கச் சந்தில் மினி லாரியை நிறுத்தி ஏற்றினார்கள். சந்தில் கேமரா இல்லை. இருந்திருந்தாலும் அது கழிவு அல்ல என்பதால் நிரல் ஒதுக்கிவிட்டிருக்கும். முன்வாசல் வழியாகப் போனது மிச்சம் மட்டுமே: பின்கட்டு இடிபாடு, காரைத் தூள், ஓட்டுச் சில்லு, மண், எல்லாம் ஒன்றாகக் கலந்தது. அந்த மிச்சத்தில் மறுசுழற்சிக்கு ஆகும் பங்கு குறைவு என்று நிரல் சொன்னது. உண்மைதான். நல்லதையெல்லாம் முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் மட்டமாகத்தான் இருக்கும். அசோக் நகரில் ஒன்றையும் எடுத்துவைக்காமல் மொத்தமாக நொறுக்கினோம், அதனால் ஒவ்வொரு லாரியிலும் சுத்தமான கான்கிரீட் தெரிந்தது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் இதுதான் காரணம்.

கம்பி கற்றுக்கொடுத்தது

அலுவலகக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நிரலைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பொறுமையாகக் கேட்டார். முழுக்கல்லையும் அரைக்கல்லையும் அளவை வைத்துப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம், சத்தத்தைப் படத்திலிருந்து எடுக்க முடியாது, வேண்டுமானால் ஒலியைப் பதிவு செய்து அதற்கென்று ஒன்றைப் பழக்கிப் பார்க்கலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதில் எனக்கு விருப்பம் வரவில்லை. அக்காவின் காது ஒரு நொடியில் செய்யும் வேலைக்கு இயந்திரம் எதற்கு? அந்தக் காது இருக்கும் இடத்துக்கு முழுசான கல் வந்து சேர வேண்டும், அதற்குத்தான் உதவி வேண்டும் எனக்கு. அதை அன்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது.

தெளிவு வந்தது கம்பியிலிருந்து. கம்பி வெட்டும் வேலையில் நாங்கள் வேறொரு நிரலைப் பயன்படுத்துகிறோம். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. உத்திரத்துக்கு 3.5 மீட்டர் துண்டுகள் வேண்டும் என்று வையுங்கள். ஒரு கம்பியில் மூன்று துண்டு வெட்டினால் ஒன்றரை மீட்டர் மிஞ்சும். 12 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்கு 0.888 கிலோ. நூறு கம்பி வெட்டினால் 133 கிலோ துண்டுக் கம்பி மூலையில் குவிந்து பழைய இரும்புக்குப் போகும். அதே தடிமனில் ஒன்றரை மீட்டர் கம்பி வேறெங்காவது தேவைப்படுகிறதா, நான்காவது மாடியில் தேவைப்படும் துண்டை இரண்டாவது மாடிக்கு வெட்டும்போதே எடுத்துவைக்கலாமா என்று பார்ப்பதுதான் சாமர்த்தியம். நல்ல கம்பி மேஸ்திரி ஒரு தளத்துக்கு இதை மனத்திலேயே போட்டுவிடுவார். ஆறு தளத்துக்கும் சேர்த்துப் போட மனிதரால் ஆகாது. லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைக்காக 1939-இல் கணித அறிஞர் கான்டரோவிச் தொடங்கிவைத்து, 1961-இல் கில்மோர், கொமோரி என்ற இருவர் வெட்டும் கணக்குக்கென்றே ஒரு முறையாக வளர்த்த கணிதம், இன்று எங்கள் தளத்து மடிக்கணினியில் ஓடுகிறது. வரைபடம் மாறும்போதெல்லாம் பட்டியலைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறது. மூலையில் துண்டுக் கம்பி குறைந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கிறேன்.

ஒரு நாள் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் கடைசி வரி கண்ணில் நின்றது. ‘மிச்சப்பட்டது’ என்று ஒரு எண். கம்பி நிரலுக்கு மிச்சப்பட்டது தெரிகிறது. வாசல் கேமராவுக்குத் தெரியவில்லை. ஏன்? கம்பிக் கணக்கு வரைபடத்தில் தொடங்குகிறது. எவ்வளவு வேண்டும் என்பதும் எவ்வளவு வாங்கினோம் என்பதும் அதற்குத் தெரியும், அதனால் வீணாகாமல் போனதையும் அதனால் எண்ண முடிகிறது. வாசல் கணக்கு லாரியில் தொடங்குகிறது. லாரியில் ஏறாத எதுவும் அதற்குப் பிறக்கவே இல்லை. கல்லைக் காப்பாற்றக் காப்பாற்ற அந்தக் கணக்கில் நாம் தேய்ந்துகொண்டே போவோம்.

அப்படியானால் இடிப்புக்கும் கணக்கு நிற்கும் சுவரில் தொடங்க வேண்டும். சுவரை அளந்தால் கல்லின் எண்ணிக்கை வந்துவிடும். இன்றைய அளவுக் கல்லுக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500. பழைய கல்லுக்கு ஒரு சதுர அடி பூச்சை உரித்து எண்ணிக்கொள்ளலாம். இங்கேதான் செயற்கை நுண்ணறிவுக்குப் பெரிய வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். கைபேசியில் வீட்டைச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து சுவர், ஜன்னல், கதவு, கம்பி வலை எல்லாவற்றையும் எண்ணி அளந்து கொடுப்பது. திட்ட அனுமதியின் வருடத்தையும் உரித்த இடத்தின் படத்தையும் வைத்து எந்தப் பகுதி சுண்ணாம்பு, எந்தப் பகுதி சிமெண்ட் என்று குறித்துக் கொடுப்பது. ஒரு வீட்டுக்கு இதை மேஸ்திரியே செய்வார். நகரத்தில் ஒரே நேரத்தில் இடிபடும் அத்தனை வீட்டுக்கும் செய்து, இந்த வாரம் சைதாப்பேட்டையில் இவ்வளவு முழுக்கல் கிடைக்கும் என்று தேவைப்படுபவருக்குச் சொல்ல ஒரு மேஸ்திரியால் முடியாது. அங்கே இயந்திரம் வரட்டும், இரு கை நீட்டி வரவேற்பேன்.

சட்டமும் நம்மை டன் கணக்குக்கே பழக்கிவிட்டது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு நாளில் 20 டன்னோ ஒரு திட்டத்துக்கு மாதத்தில் 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு உண்டாக்குபவர்கள் கான்கிரீட், மண், செங்கல்-காரை, இரும்பு-மரம்-பிளாஸ்டிக் என்று நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுபவர்களைத் தங்கள் கழிவின் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்குகின்றன. இவை வேண்டியவை, வரவேற்கிறேன். ஆனால் பன்னிரண்டு வீடு கட்டும் எங்கள் அடுக்ககங்கள் அந்த அளவை எட்டாது. நகரத்தின் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் இருப்பதோ இத்தகைய சின்ன மனைகளில்தான். டன் என்ற அளவுகோலுக்கு முழுக்கல்லும் ஒன்றுதான், அதை நொறுக்கிய தூளும் ஒன்றுதான். மூன்று கிலோ என்றால் மூன்று கிலோ. சூளையில் ஒருமுறை வெந்து, எண்பது வருடம் மழையும் வெயிலும் தாங்கி, இன்னும் கணீர் என்று பதில் சொல்லும் ஒரு பொருளை நொறுக்கிப் பொடியாக்கிவிட்டு அதை மறுசுழற்சி என்று எழுத என் கை கூசுகிறது.

அடுத்த வீடு

அறிக்கையில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்க அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ‘சுவரில் இருந்த கல்’, ‘முழுசாக வெளியே போன கல்’ என்று இரண்டு எண்கள். நிறத்தைத் தீர்மானிப்பதில் அதற்கு இன்னும் இடமில்லை. பின்வாசலிலும் ஒரு கேமரா வைக்கலாம் என்கிறார்கள். அக்கா எண்ணிச் சொல்வதே போதும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் கூலியே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது, ஒரு கல் தப்பாது.

சைதாப்பேட்டையில் அடுத்த வீடு. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ், பின்பக்கம் பிறகு சேர்த்தது. முன்பக்கத்தைக் கையால் பிரிக்க இருபது நாள் கேட்டேன், பன்னிரண்டு நாள் கிடைத்தது. வாடகைக்குப் போயிருக்கும் வீட்டுக்காரர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும், அதனால் அதற்கு மேல் வாதாடவில்லை. நாள் குறைந்ததற்கு ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் அக்கா. அவரும் அவர் தங்கையும் இன்னும் நான்கு பேரும் திங்கட்கிழமை வருகிறார்கள். அதற்குள் முன்சுவரில் நான்கு இடத்தில் பூச்சை உரித்து, காரையை ஆணியால் கீறிப் பார்த்துவிட வேண்டும்.